மிக்குனி விஎம்34: பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குக்குப் போடலாமா?

1960களின் கடைசியிலோ 70களிலோ வந்த 250 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக் ஒன்று கையில் இருக்கிறது, அதன் சொந்தக் கார்பரேட்டர் தேய்ந்து ஆடிப்போய்விட்டது என்றால், மாற்றாகப் போட முதலில் பார்க்க வேண்டியது மிக்குனி விஎம்34 என்ற 34 மி.மீ. கார்பரேட்டர். செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் பைக்கில் வந்த ஜிகோவ், ஜெர்மனியின் மைக்கோவில் (ப்ளக் கம்பெனி அல்ல) வந்த பிங், ஸ்பெயினின் புல்டாக்கோவிலும் மான்டேசாவிலும் வந்த அமல் என்று மூன்றின் இடத்திலும் உலகம் முழுக்க இதைத்தான் போடுகிறார்கள். பவர் கூடும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பிங்கும் அதே வேகத்தைத் தரும். வித்தியாசம் டியூனிங்கில்தான். இதில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக மாற்றலாம், மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லலாம், ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் துண்டு) நீடிலும் (அந்தத் துளையில் ஏறி இறங்கும் ஊசி) இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

மிக்குனி ஒரு காலத்தில் அமல் லைசென்ஸில் கார்பரேட்டர் செய்த ஜப்பான் கம்பெனி. நம்ம ஆர்எக்ஸ்100-இல் இருந்த 20 மி.மீ. மிக்குனியும் இதே விஎம் குடும்பம்தான். அதைக் கழற்றி மாட்டிப் பழகியவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது. ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறக்கும் அதே உருளை ஸ்லைடு, ஐடில் கலவைக்கான அதே ஏர் ஸ்க்ரூ. உருவம்தான் பெரிது.

வாங்கும்போது ஏமாறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, ஜெட். புது கார்பரேட்டரோடு வருகிற ஜெட்டுகள் எந்தப் பைக்கையும் மனதில் வைத்துப் போட்டவை அல்ல. அப்படியே மாட்டி ஓட்டிவிட்டு "மிக்குனி சரியில்லை" என்று சொல்வது நியாயமில்லை. மெயின் ஜெட்டில் ஐந்தாறு அளவு, பைலட் ஜெட்டில் மூன்று, நீடில் ஜெட்டில் இரண்டு, முடிந்தால் ஸ்லைடு ஒன்று கூடுதலாக வாங்கவும். இதையும் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும். போலி ஜெட்டுகள் தாராளமாக உலவுகின்றன. அசல் ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் போன்ற சின்ன முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத ஜெட்டில் 240 என்று அச்சிட்டிருந்தால், அது எண் மட்டுமே, அளவுக்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, பழைய சாமான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மலிவாகக் கிடைக்கும் பழைய விஎம்34 பல, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) என்ஜினிலிருந்து கழற்றியவை. அவற்றுக்குப் பெட்ரோல் பம்ப் உண்டு, அதனால் கார்பரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடும் ஃப்ளோட் வால்வின் துளை 1.5 அளவில் சிறியதாக இருக்கும். டேங்கிலிருந்து தானாக இறங்கும் பைக்கில் அதைப் போட்டால் ஐடிலிலும் பாதி ஆக்சிலேட்டரிலும் அருமையாக ஓடும். நீண்ட நேர் பாதையில் முழுசாகத் திருகினால் கிண்ணம் காலியாகி என்ஜின் லீன் ஆகும், அதாவது கலவையில் பெட்ரோல் குறையும். மெயின் ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் தீராது. வால்வு சீட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, பம்ப் இல்லாத பைக்குக்கு உரிய பெரிய துளை வால்வாக மாற்றவும்.

மாட்டுவதில் கவனிக்க வேண்டியது, கார்பரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பர் ஃப்ளாஞ்சு. விஎம்34-இன் என்ஜின் பக்கக் கழுத்து 40 மி.மீ. வெளிவிட்டம். பழைய உலோக மேனிஃபோல்டில் நேரடியாக இறுக்க வழி தேடாமல் ரப்பரே போடுங்கள். என்ஜின் அதிர்வு நேராக ஏறினால் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்துவிடும், நுரை ஜெட் வழியாகப் போனால் லீன்தான். அடுத்தது கேபிள். பழைய ஆக்சிலேட்டர் கைப்பிடி சிறிய கார்பரேட்டருக்கு ஏற்ற நீளமே இழுக்கும், இங்கே ஸ்லைடு 34 மி.மீ. மேலே போக வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். ஸ்லைடின் அடிப்பகுதி விரலில் தட்டினால் முழுசாகத் திறக்கவில்லை. இந்த ஒன்றைப் பார்க்காமல் மெயின் ஜெட்டோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறைய.

ஜெட்டில் கை வைக்கும் முன் என்ஜினில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நாற்பது ஐம்பது வருஷப் பழைய கிரேங்க் ஆயில் சீல் கல்லாகியிருக்கும். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி ஆறு நிமிடம் விடவும். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசியும் இடத்தைத் தேடவும். மேக்னெட்டோ பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போய் லீன் ஆகும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காமல் நிற்கும். கிளட்ச் பக்க சீல் போனால் கதை வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை அடிக்கும், ப்ளக் நனையும். அதை ரிச் (பெட்ரோல் கூடிய கலவை) என்று நினைத்து ஜெட்டைச் சிறிதாக்கினால் பிஸ்டன் ஜாம் ஆவதில் போய் முடியும். கியர் ஆயில் அளவு குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் சுத்தமாக, எண்ணெய் தடவி, பெட்டி மூடியோடு இருக்கட்டும். பாயின்ட், டைமிங் சரியாக இருக்கட்டும். புது ப்ளக் போடுங்கள்.

இனி டியூனிங். கைப்பிடியிலும் அதன் கூட்டிலும் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் பிரச்சினை என்று தெரியாமல் எந்த ஜெட்டை மாற்றுவது? மூடிய நிலையிலிருந்து அரைக்கால் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் உள்ள சாய்வெட்டு, கால் முதல் முக்கால் வரை நீடிலும் நீடில் ஜெட்டும், அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும்.

ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுசாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடில் ரேஸ் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்துங்கள். வெளியே திருகினால் லீன், உள்ளே திருகினால் ரிச். ஒரு சுற்றுக்கும் குறைவாக வைத்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் சின்னது. இரண்டரைச் சுற்றைத் தாண்ட வேண்டியிருந்தால் பெரியது.

அடுத்து மெயின் ஜெட்டுக்குப் போய்விடுங்கள், நடுவில் உள்ளவை பிறகு. பெரிய ஜெட்டில் தொடங்கி இறங்க வேண்டும், ஒருபோதும் சின்னதிலிருந்து ஏறக்கூடாது. முழு ஆக்சிலேட்டரில் "ப்ர்ர்ர்" என்று திக்கி, ஃபோர்-ஸ்ட்ரோக் போலச் சத்தம் வந்தால் ரிச். ஒவ்வொரு அளவாகக் குறைத்து, சத்தம் தெளிவானதும் நிறுத்துங்கள். பிறகு புது ப்ளக் போட்டு, மேல் கியரில் முழுசாகத் திருகி ஓட்டி, அதே நிலையில் கில் சுவிட்சை அமுக்கிக் கிளட்சைப் பிடித்து நிறுத்துங்கள். ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்த ப்ளக் எதையும் சொல்லாது. பீங்கானின் நுனி நிறத்தை நம்ப வேண்டாம், உள்ளே அடிப்பகுதியில் தெரியும் பழுப்பு வளையம்தான் மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசும். வளையமே இல்லாமல் வெள்ளையாக இருந்தால் உடனே ஒரு அளவு ஏற்றுங்கள்.

மெயின் ஜெட்டை மாற்ற விஎம்34-இல் கிண்ணத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அடியில் உள்ள பெரிய நட்டை எடுத்தால் போதும். ஆனால் ஜெட்டைச் சுற்றி உள்ள சின்ன வளையத் தடுப்பைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், குதித்து இறங்கும்போது பெட்ரோல் ஒதுங்கி என்ஜின் ஒரு கணம் அடைக்கும்.

நடுப்பகுதிதான் இந்தக் கார்பரேட்டரின் பலம். நீடிலில் கிளிப் மாட்ட ஐந்து காடிகள், மேலிருந்து எண்ண வேண்டும். கிளிப்பை மேல் காடிக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், லீன். 6டிஎச் போன்ற பெயரில் எழுத்துகள் சாய்வைச் சொல்கின்றன: ஒவ்வொரு எழுத்துக்கும் 15 நிமிடக் கோணம் (கால் பாகை), ஆகவே டி என்றால் 1 பாகை, எச் என்றால் 2 பாகை. முதல் எழுத்து மேல் பகுதிக்கு, இரண்டாவது கீழ் பகுதிக்கு. நீடில் ஜெட்டில் பி-0 என்பது 2.650 மி.மீ., க்யூ-0 என்பது 2.700. இடையில் எண் ஒன்று ஏறினால் 0.005 மி.மீ. கூடும். கால் முதல் அரை வரை மட்டும் திக்கி, கிளிப் முதல் காடிக்குப் போன பிறகும் தீரவில்லை என்றால், க்யூ-0-ஐ எடுத்து பி-8 போடலாம். பழைய கார்பரேட்டர் என்றால் அதற்கு முன் அதே எண்ணில் புது நீடில் ஜெட் போட்டுப் பாருங்கள். நீடில் வருஷக்கணக்கில் உரசி உரசித் துளையை முட்டை வடிவமாக்கியிருக்கும், அதுவே ரிச்சுக்குக் காரணமாக இருக்கலாம். வாங்கும்போது வகையையும் பாருங்கள். தொண்டையில் உயர்ந்து நிற்கும் தடுப்போடு வருவது பிஸ்டன்-போர்ட் (பிஸ்டனே இன்டேக் வழியைத் திறந்து மூடும்) டூ-ஸ்ட்ரோக்குக்கு, பக்கவாட்டில் காற்றுத் துளைகளோடு வருவது பெரும்பாலும் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு.

ஆக்சிலேட்டரைத் திறந்ததும் அடைக்கிறது, ரிச்சா லீனா என்று தெரியவில்லையா? அடைக்கும் அதே நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் தூக்குங்கள், சரியானால் லீன். எதிர்ச் சோதனைக்குப் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஓட்டுங்கள். கிண்ணத்தில் அளவு குறையக் குறையக் கலவை லீன் ஆகும், அப்போது பிக்கப் தெளிந்தால் ரிச். மூடியிருப்பதை மறந்து முழுசாகத் திருகிவிடக்கூடாது. ஸ்லைடின் சாய்வெட்டைக் கடைசியாகத் தொடுங்கள். எண் கூடினால் லீன்: 2.5-இலிருந்து 3.0 போனால் அரைக்கால், கால் பகுதி மெலியும்.

ஆயில் அளவையும் இதோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். லிட்டருக்கு 50 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தவர் 25 மில்லிக்கு மாறினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் 2 சதத்துக்கு மேல் கூடும், கலவை ரிச் ஆகும். நேர்மாறாக ஆயிலைக் கூட்டினால் லீன். "பாதுகாப்புக்காக" ஆயிலை அதிகம் ஊற்றுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. எத்தனால் 10 சதம் கலந்த பெட்ரோலுக்கு ஏறத்தாழ 4 சதம் கூடுதல் எரிபொருள் தேவை, அதாவது மெயின் ஜெட்டில் சுமார் ஒரு அளவு. 20 சதம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி 18 சதம் குறைவதால் மலையில் எல்லாம் ரிச் ஆகும். அங்கே சிறிதாக்கிய ஜெட்டோடு சமவெளிக்கு இறங்கினால் பிஸ்டன் தாங்காது.

குறைகளும் உண்டு. ஸ்லைடு ஸ்ப்ரிங் கடினம், நீண்ட ஓட்டத்தில் மணிக்கட்டு வலிக்கும். பைலட் ஜெட் ஆழமான குழியில் இருக்கிறது. சரியான அகலமுள்ள மெல்லிய டிரைவர் இல்லாவிட்டால் அதன் காடி முதல் தடவையே சிதையும். பின்னாளில் வந்த கெய்ஹின் பிடபிள்யூகே கீழ் ரேஸில் இதைவிடச் சட்டென்று பிடிக்கும். ஆனால் பழைய பைக்கில் பார்வைக்கு ஒட்டாது, பழைய பைக் பந்தயத்துக்குப் போகிறவர்கள் விதிகளைப் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அளவு பெரிதாக இருந்தால் நல்லது என்று 250-க்கு விஎம்38 போடுவது வீண் வேலை. காற்றின் வேகம் குறைந்து, வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை இருக்காது.

ஃப்ளோட் அமைப்பு மட்டும் குறையில்லாதது. இரண்டு ஃப்ளோட்டும் தனித்தனியாகத் தண்டில் ஏறி இறங்குவதால், பைக் சரிந்தாலும் குதித்தாலும் அளவு அதிகம் கெடாது. கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட் கை, கேஸ்கெட் உட்காரும் பரப்புக்கு இணையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அளவு. ஃப்ளோட்டுகளைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் பெட்ரோல் நிற்காமல் வழியும், ஆகவே கழற்றும்போதே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுக் காற்றுக் குழாய்களின் நுனி சேற்றில் அடைபடாதபடி உயர்த்திக் கட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பைக்கை நிறுத்துவதாக இருந்தால் அடி நட்டைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்துவிடவும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான்.