ஷேர்டு கிளீன்ரூம்ல புது மெட்டீரியலுக்கு அப்ரூவல் வாங்குன அனுபவம்: ஒரு ஜிங்க் ஆக்சைடு யூசரோட ரிவ்யூ

ரேட்டிங் 5க்கு 4. லேப் பேர போடல, அரசு காசுல ஓடுற ஒரு நானோஃபேப் (ரொம்ப நுண்ணிய சிப், சென்சார் செய்யுற லேப்), வெளி காலேஜ் ஆளுங்களும் போய் வேலை செய்யலாம், அவ்ளோ தெரிஞ்சா போதும். கிளீன்ரூம் (தூசி புகாத வேலை அறை) எப்படி, டூல் (அங்க இருக்குற மெஷின்) எப்படின்னு நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் எழுதப் போறது அங்க ஏற்கனவே அனுமதிச்ச லிஸ்ட்ல இல்லாத ஒரு மெட்டீரியல உள்ள கொண்டு போக அனுமதி வாங்குற அந்த ஒரு சர்வீஸ் பத்தி மட்டும்தான், ஏன்னா முதல் தடவை அப்ளை பண்றவங்க அங்கதான் மாட்டிக்கிறாங்க.

நான் பண்றது கேஸ் சென்சார். சிலிக்கான் வேஃபர் (மெல்லிசான வட்டத் தகடு) மேல ஆக்சைடு, அதுக்கு மேல பிளாட்டினம் எலக்ட்ரோடு, அதுக்கும் மேல ஜிங்க் ஆக்சைடு ஃபிலிம். எங்க காலேஜ்ல ஃபிலிம் படிய வைக்கிற ஸ்பட்டரிங் மெஷின் இருக்கு, ஆனா வெளிச்சத்த வச்சு நுண்ணிய டிசைன் போடுற லித்தோகிராஃபி கிடையாது, அதனால வெளிய போயே ஆகணும். 2008ல ஐஐஎஸ்சியும் ஐஐடி பாம்பேயும் ஐஎன்யூபி திட்டத்த (வெளி ஆளுங்களுக்கு நானோ எலக்ட்ரானிக்ஸ் லேப திறந்து விடுற அரசுத் திட்டம்) ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் நம்மள மாதிரி காலேஜ் ஆளுங்களுக்கு இந்தக் கதவே திறந்துச்சு, அப்புறம் ஐஐடி மெட்ராஸும் அதுல சேந்துச்சு. அத நினைச்சா ஃபாரம் எவ்ளோ பெருசா இருந்தாலும் எனக்கு கோவம் வரல.

எதுக்கு இந்த அப்ரூவல்னு கேக்குறவங்களுக்கு. ஒரே டூல நூறு பேர் பயன்படுத்துறாங்க, ஒருத்தர் போட்ட மெட்டீரியல் சேம்பர் (டூலுக்குள்ள வேஃபர வைக்கிற மூடுன அறை) சுவத்துல ஒட்டிக்கிட்டு அடுத்தவரோட வேஃபர்ல இறங்கும். தங்கத்த எடுத்துக்கோங்க, சூடான சிலிக்கானுக்குள்ள ரொம்ப வேகமா பரவும், போய் பேண்ட் கேப் (எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளி) நடுவுல உக்காந்துக்கிட்டு கேரியர் லைஃப்டைம, அதாவது கரண்ட்ட சுமக்குற எலக்ட்ரான் எவ்ளோ நேரம் தாங்குமோ அத, காலி பண்ணிடும். வேகமா ஸ்விட்ச் ஆகுற டயோடுக்கு வேணும்னே தங்கம் சேத்த காலம் உண்டு, ஆனா பக்கத்து குரூப் சோலார் செல் பண்றாங்கன்னா அவங்க வேலை அதோட முடிஞ்சுது. சோடியமும் அப்படித்தான், 1960கள்ல மாஸ் (MOS) டிரான்சிஸ்டர் ஆன் ஆகுற வோல்டேஜ் நிலையா நிக்காம ஓடிக்கிட்டே இருந்ததுக்கு பெரிய காரணம் ஆக்சைடுக்குள்ள நகர்ற சோடியம்தான். கேஓஹெச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) சிலிக்கான் எட்ச் பண்ண, அதாவது அரிச்சு எடுத்த, வேஃபர ஃபர்னஸ் (சூடேத்துற உலை) கிட்டயே விடாததும் இதனாலதான், அதுல இருக்குற பொட்டாசியமும் இதே வேலைய பண்ணும்.

ஃபாரத்துக்கு வரேன். மெட்டீரியல் பேரு, எந்த வடிவம், எவ்ளோ அளவு, சேஃப்டி டேட்டா ஷீட், கழிவு எங்க போகும், இதெல்லாம் எல்லா ஊர்லயும் கேக்குறதுதான். டேட்டா ஷீட்ட சப்ளையர் சைட்ல இருந்து இறக்கி அப்படியே இணைச்சா பத்தாது, 9வது பகுதியும் 10வது பகுதியும் படிச்சிருக்கீங்களான்னு நேரா கேப்பாங்க, எவ்ளோ சூட்டுல என்ன ஆகும், எதோட சேந்தா ரியாக்ட் ஆகும்ங்கிறது அங்கதான் இருக்கு. முக்கியமான கேள்வி கடைசி பக்கத்துல இருக்கு: இந்த மெட்டீரியல் வேஃபர்ல ஏறுனதுக்கு அப்புறம் அந்த வேஃபர் தொடப் போற ஒவ்வொரு டூலும் என்ன, எத்தன டிகிரி, என்ன கேஸ்? முழு ஃப்ளோவும், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பும், வரிசையா எழுதணும். இந்த ஒரு கேள்விக்காகவே நான் முழு ஸ்டார் குடுப்பேன்.

என் ஃப்ளோல ஜிங்க் ஆக்சைடு போட்டதுக்கு அப்புறம் பிஇசிவிடில (பிளாஸ்மா உதவியோட கேஸ்ல இருந்து ஃபிலிம் படிய வைக்கிற டூல்) 300 டிகிரில சிலிக்கான் நைட்ரைடு போடுறதா இருந்துச்சு, கம்பி போற இடத்த மூடுறதுக்கு. ஆக்சைடு ஸ்டேபிளா இருக்கும், என்ன பிரச்சனைன்னுதான் யாருக்கும் தோணும். அங்க இருந்த பிராசஸ் இன்ஜினியர் திருச்சிக்காரர், ஃபாரத்த பாத்துட்டு மெயில் போடாம என்னையே கூப்பிட்டு உக்கார வச்சு சொன்னாரு. "தம்பி, நைட்ரைடு போட விடுற கேஸ் சிலேனும் அம்மோனியாவும், அந்த பிளாஸ்மான்னா உள்ள ஹைட்ரஜன் எவ்ளோ வரும்? அது ஆக்சைடுல இருக்குற ஆக்சிஜன பிடுங்கிடும், மிச்சம் வெறும் ஜிங்க்தான், அந்த சூட்டுல அது வேஃபர்ல நிக்குமா?" நிக்காது. ஜிங்க் உருகுறது 419 டிகிரில, ஆனா வேக்குவத்துல 180 டிகிரி கிட்ட போனாலே ஆவியாக ஆரம்பிச்சிடும். வேக்குவம் வேலை பண்றவங்க பித்தளை ஸ்க்ரூவ சூடாகுற சேம்பருக்குள்ள விடாததும் அதுல இருக்குற ஜிங்க்குக்கு பயந்துதான். ஆவியான ஜிங்க் சேம்பர் சுவத்துல படிஞ்சிடுச்சுன்னா அடுத்து வர்ற எல்லார் வேஃபருக்கும் போகும்.

நான் ரிஜெக்ட்னு நினைச்சு எழுந்திரிக்கப் போனேன், அவரு பேனா எடுத்து என் ஃப்ளோவ தலைகீழா மாத்தி எழுதுனாரு. பிளாட்டினம் முதல்ல, அது ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கு, அதுக்கு மேல நைட்ரைடு, நைட்ரைடுல ஜன்னல் திறக்குறது, ஜிங்க் ஆக்சைடு கடைசில. "ஜிங்க்க கடைசில வச்சுட்டீங்கன்னா பாதி கேள்வி காணாம போயிடும், அதுக்கப்புறம் இந்த வேஃபர் எங்க பிளாஸ்மா டூல் எதுக்குள்ளயும் வரப் போறதில்ல." டிவைஸுக்கும் இதுதான் நல்லதுன்னு அப்புறம் புரிஞ்சுது, சென்சிங் ஃபிலிம் மேல எட்ச் பிளாஸ்மா படவே படாது. அனீல் (ஃபிலிம சூடேத்திப் பதப்படுத்துறது) எங்க காலேஜ் ஃபர்னஸ்லயே பண்ணிக்கிறேன்னு சொன்னதும் இன்னொரு கேள்வியும் போச்சு. ஒரு அப்ரூவல் காமிட்டி இப்படி டிசைனையே நல்லதாக்கி குடுக்கும்னு நான் எதிர்பார்க்கல, மனசார சொல்றேன், அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு செமஸ்டர் பாடத்துக்கு சமம்.

அப்ரூவல் வந்தது கண்டிஷனோட. ஜிங்க் ஆக்சைடு வெட் எட்ச் (திரவத்துல கரைச்சு எடுக்குறது) ஒரு குறிப்பிட்ட பெஞ்ச்ல மட்டும், நீர்த்த ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) போதும், செகண்டு கணக்குல கரைஞ்சிடும். தனி ட்வீசர், தனி பீக்கர், வேஃபர் பாக்ஸ் மேல ஜிங்க்னு பெருசா எழுதி ஒட்டணும். டெவலப்பர் (லித்தோகிராஃபில டிசைன வெளிய கொண்டு வர்ற கரைசல்) விஷயத்துல ரொம்ப கறாரா இருந்தாங்க, டிஎம்ஏஹெச்ங்கிற கார டெவலப்பரே ஜிங்க் ஆக்சைட லேசா கரைக்கும், அதனால எல்லாரும் முக்குற பொது பாத்ல என் வேஃபர முக்கக் கூடாது, தனியா ஊத்தி வச்சுக்கணும். பயன்படுத்துன எட்சன்ட் (எட்ச் பண்ற ஆசிட்), டெவலப்பர், முதல் ரின்ஸ் தண்ணி எதுவும் சிங்க்ல போகக் கூடாது, ஜிங்க் கழிவுக்குன்னு தனி கேன், அதுல பேரு, தேதி, என்ன கலந்திருக்குன்னு எழுதணும். முதல் ரன் அவங்க ஆளு பக்கத்துல நின்னு பாத்தாரு. எல்லாத்துக்கும் காரணம் எழுத்துல குடுத்தாங்க, அது ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா காரணம் தெரிஞ்சா அடுத்த பிராசஸ நாமளே ஒழுங்கா பிளான் பண்ணிக்கலாம்.

இப்ப, நான் குறைச்ச அந்த ஒரு ஸ்டாருக்கு வரேன். ஃபாரம் குடுத்ததுக்கும் அவரு கூப்பிட்டதுக்கும் நடுவுல ஒரு சத்தமும் இல்ல. ஃபாரம் யார் கிட்ட இருக்கு, காமிட்டி எப்ப கூடும், எதுவும் தெரியாது, மெயிலுக்கு பதில் இல்ல, விசாரிச்சா ஒருத்தர் லீவுல இருக்காருன்னு சொன்னாங்க. ஒருத்தர் லீவு போட்டா மொத்த அப்ரூவலும் நிக்குதுன்னா அது சரியில்ல. எனக்கு புக் ஆகியிருந்த ஸ்லாட் அப்படியே வீணாச்சு, வெளியூர்ல இருந்து வர்றவனுக்கு ரயில் டிக்கெட், தங்குற இடம் எல்லாம் அதோட போச்சு. இத விட வருத்தம் என்னன்னா, கவுனிங் ரூம்ல (கிளீன்ரூம் டிரஸ் போடுற இடம்) ஷூ கவர் மாட்டிக்கிட்டு இருக்கும்போது பக்கத்துல ஒரு அக்கா பேச்சுவாக்குல சொல்றாங்க, இதே ஜிங்க் ஆக்சைடுக்கு அவங்க குரூப் முன்னாடியே அனுமதி வாங்கிடுச்சாம், இதே கண்டிஷன்தானாம். அது எங்கயாவது எழுதி வச்சிருந்தா நான் முதல்லயே சரியான ஃப்ளோவ போட்டிருப்பேன், அவங்களுக்கும் வேலை மிச்சம். ஸ்டான்ஃபோர்டோட நானோஃபேப்ல எந்த டூல் எந்த அளவு சுத்தமா வச்சிருக்குற வகுப்பு, எதுல என்ன மெட்டீரியல் போகலாம்னு வெப்சைட்லயே போட்டு வச்சிருக்காங்க, உலகத்துல யார் வேணா படிக்கலாம். நம்ம லேபுங்களும் இத செய்யணும், இதுக்கு காசு தேவையில்ல, ஒரு ஷீட் போதும்.

அப்ளை பண்ணப் போறவங்க ஃபாரம் நிரப்புறதுக்கு முன்னாடி பிராசஸ் இன்ஜினியர நேர்ல பாத்து பேசிடுங்க, அவங்க பேச ரெடியாதான் இருக்காங்க, ஃபாரம்தான் மெதுவா நகருது. அனுமதி கையில வர்ற வரைக்கும் ஸ்லாட்டும் டிக்கெட்டும் போடாதீங்க. உங்க லேப்ல இருந்து பாட்டில்ல கெமிக்கல் எடுத்துட்டு போனா கேட்லயே நிறுத்திடுவாங்க, அனுமதி கடிதத்துல இருக்குற அதே பேரு, அதே கான்சன்ட்ரேஷன் லேபிள்ல இருக்கணும். ஃப்ளோவ அடிக்கடி மாத்துறவங்க தெரிஞ்சுக்கோங்க, ஒரு ஸ்டெப் மாறுனாலும் திருத்தம் போடணும், ஆனா அது புது ஃபாரம் மாதிரி இழுக்கல, சீக்கிரமே வந்துடுச்சு.

அடுத்து காப்பர் ஆக்சைடுக்கு போடுறேன். காப்பர் சிலிக்கான்ல ரூம் டெம்பரேச்சர்லயே நகரும், அதனால இந்த தடவை கேள்வி இன்னும் கடுமையா இருக்கும், ஃப்ளோல அத இப்பவே கடைசி ஸ்டெப்பா வச்சுட்டேன்.