நீலகிரியில் ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகிறீர்களா? பல வருட அனுபவம்

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். ஊட்டியோ குன்னூரோ, பொதுக் கூடத்தில் ஓவியம், கைவினை என்று கண்காட்சி போட்டால் பஸ் ஏறிவிடுவேன். பல வருடமாகப் போய்வருவதால் உறுதியாகச் சொல்கிறேன்: கலைஞர்களே வந்து உட்கார்ந்து செய்து காட்டும் நாளில் போங்கள். மாட்டி வைத்ததை மட்டும் பார்ப்பதென்றால் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவீர்கள்.

நீலகிரிப் பழங்குடியினரான குறும்பர்களின் ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். பாறையில் தொங்கித் தேன் எடுப்பது, கோயில் திருவிழா, ஊர், காடு என எல்லாம் எளிய கோடுகளில் இருக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தால் பழுப்பும் பச்சையும்தான் கண்ணில் படும். வரைகிறவர் பக்கத்தில் நின்றால், அந்தப் பழுப்பு வேங்கை மரத்துப் பால் என்றும், பச்சை காட்டு அவரை இலையில் இருந்து வருவது என்றும் தெரியும். முன்பு சுவரில் வரைந்ததைத்தான் இப்போது காகிதத்தில் வரைகிறார்கள். எங்கள் பக்கம் வெள்ளரிகொம்பை அருகே எழுத்துப்பாறையில் பழைய பாறை ஓவியங்களே இருக்கின்றன.

இன்னொரு பழங்குடியினரான தோடர்களின் பூவேலைக்கு இன்னும் நேரம் ஒதுக்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். பென்சில் கோடு கிடையாது, அச்சு கிடையாது. துணியின் இழையை எண்ணியே ஊசி போகிறது. நூலை முழுக்க இறுக்காமல் ஒவ்வொரு தையலிலும் துளி மேடு விடுகிறார்கள். அதனால்தான் பூத்துக்குளி என்னும் தோடர் சால்வையின் பூவேலை துணியை விட்டு எழும்பி நிற்கிறது. 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த அக்காக்கள் தைக்கும்போது பேச்சுக் கொடுக்கலாம், நன்றாகவே பேசுவார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் பெயர்ச்சீட்டு. வெளியூர் ஓவியர் படத்துக்குக் கீழே பெயர், வருடம், எந்த வண்ணம், விலை எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே குறும்பர் ஒருவர் வரைந்ததற்கு 'பழங்குடி ஓவியம்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வரைந்தவருக்குப் பெயர் இல்லையா? பல கூடங்களில் இதைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். ஒரு கூடத்தில் அடுத்த கண்காட்சிக்குப் பெயர் போட்டார்கள். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம், எப்போது வருவது? மே மாதம் கோடை விழாவில் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று கூட்டம் அள்ளும். ஓவியத்தின் முன் நிற்க நேரமிருக்காது, வண்டி நிறுத்த இடமும் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையில் ஈரத்துக்குக் காகிதம் சட்டத்துக்குள்ளேயே நெளிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் டிசம்பர், ஜனவரி. குளிரும், ஆனால் நின்று பேசலாம். முன்கூட்டியே போன் செய்து செய்முறை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அரசு பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை.

பூத்துக்குளி வாங்குவதானால் தைத்தவர் கையிலேயே வாங்குங்கள். பூவை விரலால் தடவினால் மேடு தெரிய வேண்டும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். அச்சடித்த சால்வையில் இரண்டும் இருக்காது.