ரப்பர் ஏற்றுமதியை ஒப்பிட காம்டிரேட்: ஒரு பயனரின் மதிப்பீடு

இயற்கை ரப்பரை எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்தது என்று ஆண்டுவாரியாக ஒப்பிட விரும்புவோர் முதலில் நாட வேண்டியது, ஐக்கிய நாடுகள் சபையின் காம்டிரேட் தரவுத்தளத்தைத்தான். 1962 முதலான கணக்குகள் அதில் உள்ளன. சாதாரணத் தேடலுக்குக் கட்டணம் இல்லை. பால்மரம் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்த நம்மில் பலருக்கு, உலகின் முதலிடத்தில் இருந்த மலேசியா, தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின், 1990களின் தொடக்கத்தில் அந்த இடத்தைத் தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்ததை எண்களாகக் காண்பது மனத்தைத் தொடும் அனுபவம்.

குறியீட்டில்தான் கவனம் தேவை. இயற்கை ரப்பருக்கு இன்று வழக்கில் உள்ள 4001 என்ற சரக்குக் குறியீடு (HS வகைப்பாடு) 1988க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பயன்படாது. அவற்றுக்கு SITC எனும் பழைய வகைப்பாட்டுக்குச் செல்ல வேண்டும். அதன் முதல் பதிப்பில் 231 என்று மட்டும் இட்டால் செயற்கை ரப்பரும் சேர்ந்துவிடும், 231.1 என்று இட்டால்தான் இயற்கை ரப்பர் தனியாகக் கிடைக்கும். அண்மைய ஆண்டுகளில் வேறொரு சிக்கல் உண்டு. தாய்லாந்தும் வியட்நாமும் சீனாவுக்கு அனுப்பும் ரப்பரில் பெரும் பகுதி, சிறிதளவு செயற்கை ரப்பர் கலந்த கலவையாக 4002.80 என்ற குறியீட்டின்கீழ் செல்கிறது. 4001ஐ மட்டும் பார்ப்பவர் அவ்விரு நாடுகளையும் குறைத்தே மதிப்பிடுவார்.

சிங்கப்பூரின் எண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி பால் வெட்டும் முறையைச் செம்மைப்படுத்திய ஊர் இது என்றாலும், இன்று இங்கே ரப்பர்த் தோட்டத் தொழில் இல்லை. ஆயினும் ஏற்றுமதி வரிசையில் நம் பெயர் வருகிறது. அண்டை நாட்டுச் சரக்கு நம் வழியே போவதே காரணம். மறு ஏற்றுமதியைக் காம்டிரேட் தனி வகையாகக் காட்டுவது பாராட்டத்தக்கது, ஆனால் மொத்த ஏற்றுமதி எண்ணிலும் அது அடங்கியிருப்பதால், அதைக் கழிக்காமல் நாடுகளைக் கூட்டினால் ஒரே ரப்பர் இருமுறை எண்ணப்படும். மேலும், 1963இல் இந்தோனேசியா தொடங்கிய மோதலுக்குப் பின் அந்நாட்டுடனான வணிக எண்களைச் சிங்கப்பூர் பல்லாண்டுகள் வெளியிடவில்லை. அந்தக் காலத்துக்கு இந்தோனேசியா தந்த கணக்கையே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டாலர் மதிப்பை மட்டும் நம்பாமல் எடையையும் கட்டாயம் எடுங்கள். 2011இன் தொடக்கத்தில் உச்சம் தொட்ட விலை பிறகு சரிந்தபோது, தாய்லாந்தின் ஏற்றுமதி வருவாய் இறங்கியது, ஆனால் அனுப்பிய டன்கள் கூடின. எடையிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அடர்பாலில் (செறிவூட்டிய ரப்பர் பால்) ஏறத்தாழ 60 விழுக்காடுதான் உலர் ரப்பர் என்பதால், அதையும் கட்டி ரப்பரையும் அப்படியே கூட்டக்கூடாது. கையுறைத் தொழிலுக்காக அடர்பாலை இறக்குமதி செய்யும் மலேசியாவை ஆராயும்போது, ஏற்றுமதியோடு இறக்குமதியையும் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

1962க்கு முந்தைய காலம் இதில் இல்லை என்பது எனக்குப் பெருங்குறை. 1922 முதல் 1928 வரை ரப்பர் விலையை உயர்த்த பிரிட்டன் கொண்டுவந்த ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, அதில் சேராத டச்சுக் கிழக்கிந்தியா (இன்றைய இந்தோனேசியா) தன் பங்கைப் பெருக்கிக்கொண்டது. நாடுகளை ஒப்பிட அதைவிடச் சிறந்த காலம் இல்லை. அதை ஆராய விரும்புவோர் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் காலனித்துவக்கால ஆவணங்களைத் தேடுவதே வழி.