பி16-ஆ, மனித மெலனோசைட்டா: நிறமி ஏற்பி ஆய்வுக்கு எந்தச் செல்லை வளர்க்கலாம்?

தோலின் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பிகளை, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைச் செல்லுக்காக வாங்கும் புரதங்களை, ஆராய வருகிறவர்கள் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்தச் செல்லை வளர்ப்பது என்பது. ஒரு பக்கம் பி16, சுண்டெலியின் மெலனோமா என்ற நிறமிச்செல் புற்றுக்கட்டியிலிருந்து வந்தது. மறுபக்கம் மனிதத் தோலிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுத்த மெலனோசைட், அதாவது நிறமியைச் செய்யும் செல். எங்கள் ஆய்வகத்தில் இரண்டையும் வளர்த்திருக்கிறோம். ஏற்பி சம்பந்தப்பட்ட வேலை என்றால் இப்போது நான் மனித மெலனோசைட்டைத்தான் எடுக்கிறேன். மனிதச் செல்லில் வரும் முடிவு மனிதருக்குப் பொருந்தும் என்று எல்லோரும் சொல்லும் காரணம் எனக்கும் உண்டு. ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது, செல்லுக்கு நாம் ஊற்றும் மீடியம், அதாவது அது வளரும் சத்துத் திரவம்.

சமிக்ஞைப் பாதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெலனோசைட்டின் மேற்பரப்பில் எம்சி1ஆர் என்ற ஏற்பி இருக்கிறது. இதன் மரபணுவை 1992-இல் அமெரிக்காவின் ஓரிகானில் ராஜர் கோன் குழு பிரித்தெடுத்தது. வெயில் பட்டதும் பக்கத்திலுள்ள கெரட்டினோசைட்டுகள் என்ற மேல்தோல் செல்கள் ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற பெப்டைடைச் சுரக்கின்றன. 13 அமினோ அமிலங்கள் கொண்டது. அது எம்சி1ஆரைப் பற்றியதும் உள்ளே ஜிஎஸ் புரதம் விழிக்கிறது, அடினைலில் சைக்ளேஸ் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு ஏறுகிறது. அப்புறம் பிகேஏ, கிரெப், எம்ஐடிஎஃப் என்ற புரதங்கள் வழியாகச் சமிக்ஞை இறங்கும், கடைசியில் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் டைரோசினேஸ் நொதி. மெலனினின் அளவு கூடுவதோடு, மஞ்சள்-சிவப்பு ஃபியோமெலனினிலிருந்து கரும் யூமெலனின் பக்கம் தயாரிப்பு சாய்கிறது.

பி16-இன் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 1954-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் சி57 கறுப்பு எலி ஒன்றில் தானாகத் தோன்றிய கட்டி இது. இன்று பலர் வளர்க்கும் பி16-எஃப்10 வகையை, நுரையீரலுக்குப் பரவும் செல்களை மறுபடி மறுபடி பொறுக்கி எடுத்து 1970-களில் ஐசையா ஃபிட்லர் உருவாக்கினார். டிஎம்இஎம் மீடியமும் பத்து சதவீத மாட்டுக்கரு சீரமும் இருந்தால் போதும், வேகமாகப் பெருகும். ஆல்ஃபா எம்எஸ்எச் சேர்த்தால் சில நாட்களில் மீடியமே கறுத்துப்போகும். செல்லை சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 405 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் வேலை முடிந்தது. விலையும் குறைவு. நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளை முதல்கட்டமாகச் சலித்தெடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடுகளும் பலர் எழுதியவைதான். இந்த எலியின் உடல் தோலில் மெலனோசைட்டுகள் முடிக்கால்களில்தான் இருக்கின்றன. நமக்கோ மேல்தோல் முழுக்கப் பரவியிருக்கின்றன. மனித எம்சி1ஆர் ஏசிடிஎச் ஹார்மோனுக்கும் ஆல்ஃபா எம்எஸ்எச்சுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொல்லும். எலியின் ஏற்பிக்கு ஏசிடிஎச் அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இனி மீடியம். மனித மெலனோசைட்டை வெறும் சீரத்தில் வளர்க்க முடியாது, அது பெருகவே பெருகாது. 1982-இல் மாக்டலினா ஐசிங்கரும் மார்கோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிபிஏ என்ற ஃபோர்பால் எஸ்டரையும் காலரா நச்சையும் மீடியத்தில் சேர்த்தால் மெலனோசைட் நன்றாகப் பெருகும், கெரட்டினோசைட் பின்தங்கிவிடும். அந்த வழிமுறையின் வாரிசுகள் இன்றும் பல ஆய்வகங்களில் புழங்குகின்றன. இதோடு மாட்டின் பிட்யூட்டரிச் சாறும் சேரும், எஃப்ஜிஎஃப் வளர்ச்சிக் காரணியும் சேரும்.

இந்தப் பொருட்கள் ஒவ்வொன்றும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். காலரா நச்சு ஜிஎஸ் புரதத்தைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. எம்சி1ஆரின் சமிக்ஞை உள்ளே போவதும் இதே ஜிஎஸ் வழியாகத்தான். அந்த மீடியத்திலேயே ஆல்ஃபா எம்எஸ்எச்சைச் சேர்த்து சைக்ளிக் ஏஎம்பியை அளப்பது, குழாயை முழுசாகத் திறந்துவிட்ட பிறகு இன்னும் எவ்வளவு திறக்கும் என்று பார்ப்பது போல. ஏற்பி நன்றாகவே இருந்தாலும் அளவீட்டில் மாற்றம் தெரியாது. டிபிஏ பிகேசி நொதியைத் தூண்டும். நீண்ட நாள் இருந்தால் அந்த நொதியின் பல வடிவங்களைச் செல்லிலிருந்தே தீர்த்துவிடும். மெலனோசைட்டைத் தூண்டும் இன்னொரு பெப்டைடான எண்டோதெலினின் ஏற்பியிலிருந்து சமிக்ஞை பிகேசி வழியாகப் போவதால், டிபிஏவில் ஊறிய செல்லில் எண்டோதெலினைச் சோதித்து வரும் முடிவை நான் நம்ப மாட்டேன். பிட்யூட்டரிச் சாறு இன்னொரு சிக்கல். ஆல்ஃபா எம்எஸ்எச் பிறக்கும் சுரப்பியே பிட்யூட்டரிதான். எதை அளக்கப் போகிறோமோ அதுவே அளவு தெரியாமல் புட்டியோடு வந்து சேரலாம்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் பி16 நல்லதுதானே, அதற்கு இந்தத் தொல்லையே இல்லையே என்று ஒரு இளைய ஆய்வாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பி16-க்கு இவை ஏன் தேவைப்படவில்லை? அது புற்றுச்செல் என்பதால். பெருகுவதற்கான தூண்டுதலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பிரிதலைத் தடுக்கும் சிடிகேஎன்2ஏ மரபணுவையும் இழந்திருக்கிறது. மனித மெலனோசைட்டுக்கு வெளியிலிருந்து ஊற்றுவதைப் புட்டியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்க முடியும். பி16-இன் உள்ளே ஓடுவதை நீக்க முடியாது. நான் மனிதச் செல் பக்கம் நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சைக்ளிக் ஏஎம்பிக்கு இரண்டும் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்தாலும் இது புரியும். மனித மெலனோசைட்டுக்கு சைக்ளிக் ஏஎம்பி ஏறுவது பெருகத் துணை செய்கிறது. காலரா நச்சைச் சேர்த்ததே அதற்காகத்தான். பி16-இல் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால் நிறம் ஏறும், பெருக்கம் தளரும். ஒரே சமிக்ஞைக்கு, வளர்ச்சி விஷயத்தில் எதிரெதிர்ப் பதில். அதனால் 'இந்த மருந்து நிறத்தைக் கூட்டியது, செல்லின் எண்ணிக்கையைக் குறைத்தது' என்று பி16-இல் கிடைக்கும் முடிவை மனிதத் தோலுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

பி16-க்கும் மீடியச் சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. மெலனினின் மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். டிஎம்இஎம்மில் அது ஆர்பிஎம்ஐ மீடியத்தில் இருப்பதைவிடச் சில மடங்கு அதிகம். ஒரே பி16 செல் ஒன்றில் வெளுத்தும் மற்றதில் கறுத்தும் வளரும். ஏற்பியை யாரும் தொடாமலேயே நிறம் மாறிவிடுகிறது. கட்டுரையில் மீடியத்தின் பெயர் இல்லாவிட்டால் அந்த மெலனின் அளவை வேறொன்றோடு ஒப்பிட வழியில்லை.

மனித மெலனோசைட்டை நடைமுறையில் எப்படி வைத்துக்கொள்வது? வாங்கும்போதே காலரா நச்சும் டிபிஏவும் இல்லாத மீடியத்தைக் கேட்டு வாங்குங்கள். எண்டோதெலின், எஃப்ஜிஎஃப் போன்ற இயல்பான காரணிகளை வைத்து வளர்க்கும் மீடியங்கள் இருக்கின்றன. பெருகும் வேகம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சோதனைக்கு முன் ஒன்றிரண்டு நாள் செல்லைப் பட்டினி போட வேண்டும். அதாவது பிட்யூட்டரிச் சாறும் வளர்ச்சிக் காரணிகளும் இல்லாத மீடியத்தில் வைக்க வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசுச் செல் இடையில் தலைகாட்டினால் ஜி418 என்ற ஆன்டிபயாட்டிக்கைக் குறைந்த அளவில் ஓரிரு நாள் கொடுத்தால் போதும். மெலனோசைட் தாங்கும், ஃபைப்ரோபிளாஸ்ட் தாங்காது.

அடுத்தது கொடையாளர். இந்தச் செல்கள் பெரும்பாலும் பிறந்த குழந்தைகளின் சுன்னத்துத் தோலிலிருந்து எடுக்கப்படுகின்றன. ஐரோப்பிய வம்சாவளிக் கொடையாளர்களில் எம்சி1ஆரின் செம்முடி மாற்றங்கள், அதாவது ஆர்151சி, ஆர்160டபிள்யூ, டி294எச் போன்றவை, சகஜம். இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் உள்ள செல் ஆல்ஃபா எம்எஸ்எச்சுக்குச் சரியாகப் பதில் சொல்லாது. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதிவிடுவோம், குறை ஏற்பியில் இருக்கும். எம்சி1ஆர் 317 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். மரபணுவைப் படித்துப் பார்ப்பது எளிது. புதுக் குப்பி வந்ததும் அதை முதலில் செய்துவிட வேண்டும். குப்பியின் மேல் 'வெளிர் நிறம்', 'அடர் நிறம்' என்று எழுதியிருப்பதை வைத்து ஏற்பியை ஊகிக்கக் கூடாது. தெற்காசியர்களிடம் நிற வேறுபாட்டுக்குப் பெரும் பங்களிக்கும் எஸ்எல்சி24ஏ5 மரபணு செல்லுக்குள் இருக்கும் அயனி கடத்தியைச் சார்ந்தது, எம்சி1ஆருக்கு அதில் வேலையில்லை.

ஏற்பியில் குறையா, அதற்குக் கீழே குறையா என்று பிரித்தறிய ஃபோர்ஸ்கோலின் உதவும். அது ஏற்பியைத் தொடாமல் அடினைலில் சைக்ளேஸையே நேரடியாகத் தூண்டும். ஆல்ஃபா எம்எஸ்எச்சுக்குப் பதில் இல்லை, ஃபோர்ஸ்கோலினுக்கு உண்டு என்றால் கோளாறு மேலே இருக்கிறது. சேலம் பக்கத்தில் பயிரிடும் மருந்துக்கூர்க்கன் வேரிலிருந்து கிடைப்பதுதான் இந்தப் பொருள். உலகம் முழுக்க சமிக்ஞை ஆய்வகங்களின் குளிர்பெட்டியில் நம்மூர் வயலின் வேர்ச்சரக்கு இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இதே ஃபோர்ஸ்கோலின் எலிக்கும் மனிதருக்கும் உள்ள இடைவெளியையும் காட்டியது. 2006-இல் டேவிட் ஃபிஷர் குழு, எம்சி1ஆர் வேலை செய்யாத எலிகளின் தோலில் இதைத் தடவியே கறுப்பு நிறத்தை வரவைத்தது. மனிதத் தோலுக்குள் அது போதிய அளவு இறங்கவில்லை. பாதையில் இன்னும் கீழே உள்ள எஸ்ஐகே நொதியைத் தடுக்கும் சிறு மூலக்கூறுகளை வைத்து மனிதத் தோல் துண்டில் நிறம் ஏற்றியதை 2017-இல்தான் வெளியிட முடிந்தது.

கர்ப்பகாலத்தில் பல பெண்களின் முகத்தில் வரும் மங்கு எனக்கு மிக முக்கியமான கேள்வி. 2016-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டாட் ரிட்கி குழு, ஈஸ்ட்ரோஜன் நிறத்தைக் கூட்டுகிறது, புரோஜெஸ்டிரான் குறைக்கிறது என்று மனித மெலனோசைட்டில் காட்டியது. வழக்கமான உட்கரு ஏற்பிகள் வழியாக அல்ல, செல் சவ்வில் உள்ள ஜிபிஇஆர், பிஏக்யூஆர்7 என்ற ஏற்பிகள் வழியாக. மங்குக்கு மருந்து தேடும் பாதை இங்கிருந்து திறக்கலாம் என்பதால், இந்த வேலையைத் தொடர்கிறவர்கள் புற்றுச்செல்லில் தொடங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

மனிதச் செல்லின் பலவீனங்களும் சின்னவை அல்ல. மெதுவாக வளரும். சில பாசேஜுக்குப் பிறகு, அதாவது சிலமுறை புதுத் தட்டுக்குப் பிரித்து மாற்றிய பிறகு, மூப்படைந்து நின்றுவிடும். பெரியவர்களின் தோலிலிருந்து எடுத்தால் இன்னும் சீக்கிரமாக. ஒரே கொடையாளரை வைத்து முடிவு சொல்ல முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், செலவும் கூடுதல். சிறிய கல்லூரி ஆய்வகத்துக்கு இது உண்மையிலேயே பாரம்.

பி16-க்கும் மனித மெலனோசைட்டுக்கும் இடையில் இரண்டு செல் வகைகள் இருக்கின்றன. எம்என்டி-1 நன்கு கறுத்த மனித மெலனோமா. ஆனால் பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளது, ஆகவே செல்லைப் பெருகச் சொல்லும் எர்க் பாதை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 1987-இல் டோரத்தி பென்னட் உருவாக்கிய மெலன்-ஏ, கட்டியாக மாறாத எலி மெலனோசைட். அதற்கும் டிபிஏ தேவை. இவற்றோடு என் பழக்கம் குறைவு, அதனால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கெரட்டினோசைட்டோடு சேர்த்து வளர்க்கும் முப்பரிமாணத் தோல் மாதிரியை நான் கையாண்டதே இல்லை. படித்தவரை, மெலனின் பக்கத்துச் செல்லுக்குப் போய்ச்சேருவதைப் பார்க்க அதுதான் சரியான இடம்.

செல்லே வேண்டாம், காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ் நொதியில் மருந்தைச் சோதித்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 50,000 சேர்மங்களை மனித டைரோசினேஸில் சோதித்தார்கள். காளான் நொதியை அடக்கப் பேர்பெற்ற கோஜிக் அமிலம் போன்றவை மனித நொதியிடம் பலவீனமாகவே இருந்தன. அந்தச் சோதனையில் ஏற்பி என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது தனி.

பணம் குறைவாக உள்ள மாணவர்களுக்கு நான் சொல்வது இது: சலித்தெடுப்பதை பி16-இல் செய்யுங்கள், டைரோசின் குறைவாக உள்ள ஆர்பிஎம்ஐ மீடியத்தில். தேறி வரும் ஒன்றிரண்டை மட்டும், எம்சி1ஆர் படித்துப் பார்த்த குறைந்தது இரண்டு கொடையாளர்களின் செல்லில், காலரா நச்சு இல்லாமல், ஃபோர்ஸ்கோலினைப் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். வளர்த்த மீடியத்தில் என்னென்ன இருந்தது, சோதனைக்கு எத்தனை மணி நேரம் முன்பு எதை நீக்கினீர்கள் என்பதைக் கட்டுரையில் முழுசாக எழுதுங்கள்.