தாம்பரம் – பாரிமுனை: 21ஜி, 18ஏ, மின்சார ரயில், மெட்ரோ

சென்னையில் பஸ் ஆர்வலர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை கட்டாயம் வரும்: தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு 21ஜியா, 18ஏவா? பக்கத்தில் ரயில் பிரியர் ஒருவர் இருந்துவிட்டால், "ரெண்டும் எதுக்குங்க, பத்து ரூபாய்க்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் இருக்கே" என்று பேச்சை முடிக்கப் பார்ப்பார். ஊருக்குப் புதிதாக வந்தவர் மெட்ரோ என்பார். மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது, தாம்பரம் வரவில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

காசும் நேரமும் மட்டுமே கணக்கு என்றால் இதில் போட்டியே கிடையாது, ரயில்தான். அப்படியிருந்தும் காலை எட்டு மணிக்கு 21ஜியில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்களா என்ன?

முதலில் ரயிலைப் பார்த்துவிடலாம். கடற்கரை – தாம்பரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர், இரு முனைகளையும் சேர்த்து 18 நிலையங்கள். எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டிக்கு ஐம்பது முதல் ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டாம் வகுப்புக் கட்டணம் 10 ரூபாய். இந்தத் தடத்தில் 1931 மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது மீட்டர் கேஜ், அதாவது குறுகிய பாதை. 2004 ஜூலையில் அந்த வண்டிகள் விடைபெறும்வரை, பழைய சென்னைக்காரர்களுக்கு ரயில் என்றாலே அந்தக் குறுகிய பெட்டிகள்தான். குரோம்பேட்டையும் பல்லாவரமும் இன்று இருக்கும் அளவுக்குப் பெருத்ததற்குப் பாதிக் காரணம் இந்தத் தடம் என்பேன்.

ரயிலுக்குக் குறைகள் இரண்டு. ஒன்று ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தனி அட்டவணை, வண்டிகள் குறைவு. பராமரிப்புப் பணி என்று அறிவித்துவிட்டால் பாதித் தடத்தில் ரயிலே இருக்காது, கூடுதல் மாநகரப் பேருந்துகளை விட்டுச் சமாளிப்பார்கள். இரண்டாவது குறை பெரியது: ரயில் நேர்கோட்டில் போகிறது. எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை என்று தன் போக்கில் போகும் அந்தக் கோட்டுக்கு மயிலாப்பூர் தெரியாது, ராயப்பேட்டை தெரியாது, அண்ணா பல்கலைக்கழகம் தெரியாது. 21ஜி பிழைத்திருப்பது இந்த இடத்தில்தான்.

21ஜி தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை வழியே வந்து, கிண்டியில் அண்ணா சாலையை விட்டுவிட்டு அண்ணா பல்கலைக்கழகப் பக்கம் திரும்புகிறது. அங்கிருந்து மயிலாப்பூர், ராயப்பேட்டை என்று ஊரின் நடுவயிற்றைச் சுற்றிக்கொண்டு பாரிமுனைக்கு வந்து சேர்கிறது. முனையிலிருந்து முனைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. மழை நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் முழுத் தூரமும் உட்கார்ந்து போகிறவர் ஒரு வண்டிக்கு எத்தனை பேர் இருப்பார்கள்? ஆர்வலர்கள் சிலர்தான், ஜன்னல் சீட்டுக்காக முதல் நிறுத்தத்திலேயே ஏறுகிறவர்கள். மற்றவர்கள் பல்லாவரத்தில் ஏறிப் பல்கலைக்கழகத்தில் இறங்குவார்கள், கிண்டியில் ஏறி மயிலாப்பூர் லஸ்ஸில் இறங்குவார்கள். அவர்களிடம் போய் "ரயில் அரை மணி நேரம் மிச்சம்" என்று சொல்வதில் பொருளில்லை.

18ஏ கதை வேறு. அது கிண்டிக்குப் பிறகும் அண்ணா சாலையை விடாது. சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி என்று நேரே மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) போகிறது. ஒரு காலத்தில் இந்தச் சாலைக்கு அதுதான் ராஜா. 2019 பிப்ரவரியில் டிஎம்எஸ் – வண்ணாரப்பேட்டை மெட்ரோ திறந்தபோது, 18ஏ போகும் பாதைக்குக் கீழேயே, அதே நிறுத்தங்களுக்குக் கிட்டத்தட்ட அதே பெயர்களோடு ஒரு போட்டியாளர் வந்துவிட்டார். சிக்னலும் கிடையாது, வெயிலும் கிடையாது. நீண்ட தூரக்காரர்களை மெட்ரோ எடுத்துக்கொண்டது. இரண்டு, மூன்று நிறுத்தம் போகிறவர்கள் 18ஏவிடம் மிச்சம் இருக்கிறார்கள். அத்தனை படி இறங்கி, பை சோதனை முடித்து, மறுபடி அத்தனை படி ஏறுவதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்கே போயிருக்கும் அல்லவா?

எனவே 21ஜியா, 18ஏவா என்ற பழைய சண்டையில் என் ஓட்டு 21ஜிக்கு. 18ஏவுக்குப் பதிலாக இன்னொன்று இருக்கிறது, 21ஜியின் முழுப் பாதைக்கும் அப்படி ஒன்று இல்லை. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் கடற்கரை – வேளச்சேரி ரயில்) இருக்கிறதே என்பீர்கள். பரங்கிமலை – வேளச்சேரி இணைப்பு திறக்காதவரை, தாம்பரத்திலிருந்து வருகிறவர் பூங்கா நிலையம் வரை வடக்கே போய், இறங்கி நடந்து, பூங்கா நகரில் வேளச்சேரி வண்டி பிடித்து, வந்த திசையிலேயே தெற்கே திரும்பி வரவேண்டும். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மயிலாப்பூருக்கு வந்த பிறகு 21ஜியின் கதி என்ன என்பதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: இந்த எழுத்துகளுக்கு என்ன கணக்கு? எண் என்பது குடும்பப் பெயர். 18 என்றால் மவுண்ட் ரோட்டுக் குடும்பம், 21 என்றால் மயிலாப்பூர்க் குடும்பம். எழுத்து, அதில் பிறந்த கிளை. 18ஏ தாம்பரத்துக்கு, 18கே மேற்கு சைதாப்பேட்டைக்கு. மாநகரப் பேருந்து நிறுவனம் 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய காலத்திலிருந்து கிளைகள் முளைத்தும் பட்டும் வந்திருப்பதால், எழுத்துகளை வரிசையாக அடுக்கி ஒரு விதி கண்டுபிடிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம். அதைவிடப் பயனுள்ள விஷயம் 'கட் சர்வீஸ்' பலகை. எண் அதேதான், ஆனால் வண்டி முழுத் தூரம் போகாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தெற்குத் தடங்கள் பலவற்றுக்கு முனையே தள்ளிப் போய்விட்டது. எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள், முன்பலகையில் ஊரையும் படியுங்கள்.

மெட்ரோவுக்கு வருவோம். தாம்பரத்துக்காரர் அதைப் பிடிக்க வேண்டுமென்றால் திரிசூலம் வரை ரயிலில் வந்து, சுரங்கப்பாதை வழியாக விமான நிலைய மெட்ரோவுக்கு மாற வேண்டும். அல்லது கிண்டியில் மாறலாம். கிண்டிதான் நல்லது. ரயிலில் வேகமாக வரும் தூரத்தை ரயிலிலேயே மலிவாக முடித்துவிட்டு, அண்ணா சாலைப் பகுதிக்கு மட்டும் மெட்ரோவுக்குக் காசு கொடுக்கலாம். 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்ததிலிருந்து மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50. க்யூஆர் டிக்கெட்டுக்கும் அட்டைக்கும் 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. டிஎம்எஸ், ஆயிரம் விளக்கு, எல்ஐசி பக்கம் அலுவலகம் என்றால் ரயில் + கிண்டி + மெட்ரோவை எதுவும் அடிக்க முடியாது. பாரிமுனைக்கே போகிறவருக்கு மாறும் வேலை வீண். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையம் பாரிமுனையின் வாசலிலேயே இருக்கிறது, கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும் என்பது உண்மைதான். அந்த நடைக்கு நாற்பது ரூபாயா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏசி மின்சார ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் ஓடுகிறது. கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி 105 வரை. சுகமான வண்டி. ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான், உங்கள் அலுவலக நேரத்துக்கு ஒத்துவந்தால் அதிர்ஷ்டம். சாதாரண இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் அதில் செல்லாது என்பதை ஏறும் முன்பே நினைவில் வையுங்கள்.

எந்த வண்டி என்பதைவிட எந்த டிக்கெட் என்பதில்தான் மாதக் கடைசியில் வித்தியாசம் தெரியும். ரயில் சீசன் டிக்கெட் இந்த ஊரின் மிக மலிவான பொருள்களில் ஒன்று. மாத சீசனின் விலை இருபது தனிப் பயணத்தின் காசைத் தாண்டாது. கடற்கரை – தாம்பரத்துக்கு இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதே ஆள் 25 நாள் போய்வரத் தினம் டிக்கெட் எடுத்தால் 500 ரூபாய். மூன்று மாத சீசன் இன்னும் லாபம்: மாத விலையைப் போல 2.7 மடங்குதான். பத்து நாள் போய்வந்தாலே மாத சீசனின் காசு வசூல். வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் அலுவலகம் வரச் சொல்லும் கம்பெனியில் இருப்பவர்கூட சீசன் எடுக்கலாம்.

பஸ்ஸில் இதற்கு எதிர் நிற்பது 1,000 ரூபாய் மாத பாஸ். ஏசி தவிர எல்லா மாநகரப் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஏசியும் சேர வேண்டுமென்றால் 2,000 ரூபாய் பாஸ், 2025 மார்ச்சில் வந்தது. ஆயிரத்தை 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 40, ஒரு வழிக்கு 20 ரூபாய். சாதாரணக் கட்டண பஸ் ஒன்றிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறவருக்கு இந்தக் கணக்கு அநேகமாகக் கட்டாது. டீலக்ஸ் கட்டணம் சாதாரணத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வந்த வண்டியில் ஏறிவிடும் அவசரக்காரர்களுக்கும், இரண்டு பஸ் மாறுகிறவர்களுக்கும், விற்பனைப் பிரதிநிதி போல நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கும்தான் அது லாபம். அச்சிட்ட பாஸ் மாதத்தின் 16-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 15 வரை செல்லும். 20-ஆம் தேதி போய் வாங்கினால் நாலு நாள் கையை விட்டுப் போயிற்று.

பெண்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை; நடத்துநர் தரும் சுழியச் சீட்டை மட்டும் கையில் வைத்திருக்க வேண்டும். கிண்டி நிறுத்தத்தில் டீலக்ஸ் வந்தால் ஒதுங்கி நின்று, வெள்ளை போர்டோ இளஞ்சிவப்பு முகமோ தெரிந்ததும் முன்னால் வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆக அங்கே ஒப்பீடு பூஜ்யத்துக்கும் சீசனுக்கும் இடையே. காத்திருக்கும் நேரம்தான் விலை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் போய்வருவதற்குத்தான் அது காணும்.

டிக்கெட் எடுக்கும் வழிகளில் வரிசை எனக்கு ஆகாது. தானியங்கி இயந்திரத்தின் முன்னும் வரிசைதான். கைப்பேசி டிக்கெட் சென்னையில் 2015 ஏப்ரலில் எழும்பூர் – தாம்பரம் தடத்தில்தான் முதலில் வந்தது. ரயில்வேயின் யூடிஎஸ் செயலி செய்த வேலையை 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலியும் செய்கிறது. ஒரு சங்கதி மட்டும்: நிலையத்துக்குள் நின்றுகொண்டு கேட்டால் காகிதமில்லா டிக்கெட் தராது. நிலையத்துக்கு வரும் வழியிலேயே எடுத்துவிடுங்கள், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். வண்டியில் ஏறி, பரிசோதகரைப் பார்த்த பிறகு எடுக்கலாம் என்ற புத்திசாலிகளுக்காகவே அந்த ஏற்பாடு. மாட்டினால் 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் கட்ட வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு!

சிங்காரச் சென்னை அட்டை (காசு போட்டு வைத்துத் தட்டும் பயண அட்டை) மெட்ரோவில் 2023-இலும் மாநகரப் பேருந்துகளில் 2025 ஜனவரியிலும் நுழைந்தது. சில்லறைத் தகராறு ஒழிந்தது பெரிய நிம்மதி. மின்சார ரயிலில் தட்டிவிட்டுப் போக வாயிலே கிடையாது, அதனால் அங்கே அட்டைக்கு வேலை இல்லை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலி பஸ், மெட்ரோ, ரயில் மூன்றையும் ஒரே க்யூஆரில் தருகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே டிக்கெட் என்றதும் ஒரே கட்டணம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று வண்டியின் கட்டணத்தையும் கூட்டித்தான் வாங்குகிறார்கள். மாறி ஏறுவதற்காக ஒரு பைசா குறையாது. தினப் பயணிக்கு அதில் எடுப்பதைவிட சீசன் பல மடங்கு மேல். எப்போதாவது வருகிற விருந்தாளிக்கு அந்தச் செயலியைப் போட்டுக் கொடுங்கள்.

தாம்பரத்திலிருந்து மயிலாப்பூருக்குத் தினம் போகிற ஆண் பயணி என்றால் என் சிபாரிசு இது: கிண்டி வரை ரயில் சீசன், கிண்டியில் இறங்கிச் சாலைக்கு வந்து 21ஜி, கையில் சிங்காரச் சென்னை அட்டை. ஜிஎஸ்டி சாலை நெரிசலை ரயில் தாண்டிவிடும். ஆயிரம் ரூபாய் பாஸ் தேவைப்படாது. மாலையில் திரும்பும்போது மட்டும், உட்கார இடத்தோடு நேர் தாம்பரம் 21ஜி வந்தால் கிண்டியில் இறங்காமல் அப்படியே போய்விடலாம்.