ரிவால்வர் பேரல் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் லைசென்ஸ் ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையில் லைசென்ஸ் போர்டு தொங்குகிறது என்பதை மட்டும் நம்பித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

எங்களுடையது தாத்தா காலத்து அமெரிக்க .32 ரிவால்வர், தோட்டாக்கள் போடும் சுழல் உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை. அப்பா இருந்தவரை தோல் உறையிலேயேதான் கிடக்கும். இங்கே மழையும் பனிமூட்டமும் எப்படி என்று உங்களுக்கே தெரியும், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, குண்டு வெளியேறும் குழாயான பேரல் உள்ளே குழிகுழியாகத் துரு தின்றுவிட்டது.

"மரையைக் கழற்றிப் புதுசை மாட்டுறதுதானே மச்சான், வீட்டுலயே செஞ்சிடலாம்" என்றான் அத்தை மகன். முடியவே முடியாது என்றேன். 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும், பேரலைத் தனியாக வாங்கி வைத்தாலும் அது துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். அதுபோக இது வெறும் மரை வேலை இல்லை. பேரல் இறுகி நிற்கும் இடத்தில் முன் சைட் (குறி பார்க்கும் முனை) நேர் மேலே வந்து நிற்க வேண்டும், பின்முனையைச் சீவி சிலிண்டருக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், குண்டு நுழைகிற கூம்பு வாயையும் அதற்கேற்பக் கடைய வேண்டும்.

அதனால்தான் கீழே கோவைப் பக்கம் ஒரு டீலரிடம் கொடுத்தோம். "நம்ம ஆள் கையிலதான் சார் வேலை" என்று சொல்லிப் பணம் முழுவதையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முன் சைட் வலது பக்கம் சாய்ந்திருந்தது. பேரலின் இரண்டு பக்கமும் வைஸ் கடித்த பல் தடம். சிலிண்டரைச் சுற்றினால் ஓரிடத்தில் உரசியது, மறுபக்கம் வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி. டப்பாவின் அடியில் ஒரு லேத் பட்டறையின் வேலைச் சீட்டு கிடந்தது, பம்ப் ஷாஃப்டுக்கு எழுதுவது மாதிரி "பேரல் 1" என்று. லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டறைக்கு எங்கள் துப்பாக்கி போய் வந்திருக்கிறது, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துப்பாக்கி பழுது பார்க்கும் வேறொரு கன்ஸ்மித்திடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பேரல் மரைக்கு நேர் கீழே, ஃபிரேமின் (துப்பாக்கியின் உடல் சட்டம்) மெலிந்த இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடுவதைக் காட்டினார். ஃபிரேமை அதற்கான கட்டையில் வைத்துப் பிடிக்காமல், சிலிண்டர் இருக்கும் சதுர ஓட்டைக்குள் கம்பியை விட்டு முறுக்கினால் இப்படித்தான் ஆகுமாம். இனி ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள் என்றார். பேரல் போனால் வேறு பேரல் போடலாம், லைசென்ஸில் ஏறியிருக்கும் நம்பரே ஃபிரேமில்தான் இருக்கிறது, அதை எங்கே போய் மாற்றுவது?

டீலரோ "பழைய இரும்பு சார், முன்னாடியே விரிசல் இருந்திருக்கும்" என்கிறார். கொடுப்பதற்கு முன் எடுத்த போட்டோவில் அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. அதை நீட்டிய பிறகு போனே எடுப்பதில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் வேலை செய்பவரை நேரில் பாருங்கள், அவர் பெயரில் பழுது பார்க்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், வெளியே அனுப்பக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எடுக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்கும் இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.

ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் சீட்டு, போட்டோ எல்லாம் வைத்துப் புகார் கொடுத்தாகிவிட்டது, நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் ரசீதைத் தொலைக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.