முதலில் தேறியவருக்கு வீடு, தேறாதவருக்கு இன்னொரு பாடம்

கடலூர் – புதுச்சேரி ரூட்டில் 26 வருடம் தனியார் பஸ் ஓட்டினேன். ஆல்பேட்டை தாண்டியதும் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். எந்தத் திருப்பத்தில் ஆடு குறுக்கே வரும், எந்தச் சந்திலிருந்து பைக் பாயும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். சின்ன மகள் ஒருநாள் ராத்திரி டிவியில் ஒரு நிகழ்ச்சியைப் போட்டுவிட்டு, “அப்பா, இதை உட்கார்ந்து பாருங்க” என்றாள். கனடாக்காரர்கள் எடுத்தது. ‘கனடாஸ் வொர்ஸ்ட் டிரைவர்’ என்று பெயர், அதாவது கனடாவிலேயே மோசமான டிரைவர். அவள் ஆங்கிலத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல அன்றைக்கு மூன்று பகுதி பார்த்தோம். அப்புறம் ஒரு மாதம் வேறு எதுவும் ஓடவில்லை.

இதற்கு முன்னால் 2002இல் பிரிட்டனில் இப்படி ஒன்று வந்திருக்கிறது. கனடாவில் 2005இல் ஆரம்பித்து 2018 வரை 14 சீசன் ஓடியது. ஆண்ட்ரூ யங்ஹஸ்பண்ட் என்பவர் நடத்தினார். மோசமாக வண்டி ஓட்டுகிறவரின் பெயரைக் கொடுப்பதே அவர் வீட்டு ஆட்களோ நண்பரோதான். கொடுத்தவரும் கூடவே வந்து பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். வந்ததும் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தினம் ஒரு பாடம், அதை ஒட்டி ஒரு சோதனை. கடைசியில் நிபுணர்கள் உட்கார்ந்து பேசி, தேறியவர் கையில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். யாருமே தேறாவிட்டால் அன்றைக்கு யாரும் போக முடியாது.

இந்த ஏற்பாடுதான் என் மனதைப் பிடித்தது. மற்ற போட்டிகளில் தோற்றவனைத்தானே முதலில் வெளியே அனுப்புகிறார்கள்? இங்கே கற்றுக்கொண்டவர் கிளம்பிவிடுகிறார், வராதவருக்கு மேலும் மேலும் பாடம் கிடைக்கிறது. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பையனுக்கு வண்டி வரவில்லை என்றால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அவனும் எப்படியோ லைசென்ஸ் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறான்.

பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஊசிக்காது என்று பெயர் வைத்த சோதனை. தெர்மாகோல் மாதிரி லேசான பொருளில் வளைவுகள் செய்து, கார் நுழைகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு, வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்காமல் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வர வேண்டும். இடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால்தான் இடிக்கிறார்கள். கண் வளைவின் காலைப் பார்க்கிறது, கை அந்தப் பக்கமே போகிறது. “போக வேண்டிய இடத்தைப் பார்” என்று திரும்பத் திரும்பக் கத்துகிறார்கள்.

அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கார்த்திகை மாதம், நல்ல மழை. எனக்கு முன்னால் போன வைக்கோல் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் பூட்டிக்கொண்டு பஸ் வழுக்கியது. இடது பக்கம் ஒரு புளியமரம். மோதிவிடக் கூடாது, மோதிவிடக் கூடாது என்று அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக அதில்தான் போய் நின்றது. முன் கண்ணாடி போனது, கண்டக்டருக்கு உதடு கிழிந்தது, இரண்டு பயணிகளுக்குக் கையில் அடி. மரத்துக்கும் லாரிக்கும் நடுவில் பஸ் போகிற இடம் இருந்தது என்று இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் மழையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சோதனையில் நேரே ஒரு தடுப்பை நோக்கி வேகமாக வர வேண்டும். கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள், பிரேக் போடாமல் அந்தப் பக்கம் விலக வேண்டும். பிரேக் போடாமலா என்று நானே சண்டைக்குப் போனேன். யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. டயருக்கு ரோட்டில் இருக்கிற பிடி ஒன்றுதான். அதை முழுக்க பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு, இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

கூரை மேல் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி, முரட்டுத்தனமாக ஓட்டினால் தண்ணீர் உள்ளே கொட்டுகிற மாதிரி ஒரு சோதனை உண்டு. நல்ல யோசனை. நின்றுகொண்டு வருகிற பயணி உள்ள பஸ்ஸை ஓட்டுகிற எவருக்கும் அதன் அருமை புரியும்.

தலைமைப் பயிற்சியாளர் பிலிப் லெட்டூர்னோ பொறுமையான மனிதர். குரலை உயர்த்தாமல் தப்பு எங்கே என்று காட்டுகிறார். நிபுணர்களில் கேம் வுல்லி என்ற முன்னாள் போலீஸ்காரரும் உண்டு. மனநல ஆலோசகர் ஒருவரையும் வைத்திருக்கிறார்கள், அது ரொம்ப அவசியம். வருகிறவர்களில் பாதிப்பேர் திமிரால் கெட்டவர்கள், பாதிப்பேர் பயத்தால் கெட்டவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் ஆகாது.

குறை இல்லாமல் இல்லை. இடிக்கிற காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். விளம்பரம் முடிந்ததும் பார்த்ததையே மறுபடி காட்டுகிறார்கள். அழுகிறவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வரை தேறாதவருக்குப் பட்டமும் கோப்பையும் கொடுக்கிறார்கள். அதற்குப் பதில் இன்னும் பத்து நாள் பாடம் கொடுத்திருக்கலாம். நம் ரோட்டில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிதான், அதற்கு அங்கே பாடம் எதுவும் இல்லை.

2019இல் நம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, லைசென்ஸைப் பறித்தால் புத்தாக்கப் பயிற்சி முடித்த பிறகுதான் திரும்பத் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். அந்தப் பயிற்சி இந்த நிகழ்ச்சி மாதிரி, வண்டியில் உட்கார வைத்து, வழுக்க விட்டுக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

என் மகளையே சொல்கிறேன். ஒரு டிரைவிங் ஸ்கூலில் 15 நாள் போனாள். சொல்லிக் கொடுத்தவர் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். நெருக்கடி வரும்போதெல்லாம் அவரே மிதித்துவிட்டார். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒழுங்காக ஓட்டிக் காட்டி லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனால் முழு பிரேக் என்றால் என்ன என்று அவள் கால் அறியவே இல்லை. அந்தக் காலோடு தினம் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.

அதனால் கங்கணாங்குப்பம் பக்கம் வீடு எதுவும் எழும்பாத ஒரு மனைப்பிரிவில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஆறு சவுக்குக் கம்புகளை நட்டேன். ஜோடிக்கு ஏழு அடி இடைவெளி. வேகம் முப்பது. மூன்று தடவையும் இரண்டாவது ஜோடியின் இடது கம்பைச் சாய்த்தாள். “கம்பை விடுமா, நடுவில தெரியுற அந்தத் தண்ணித் தொட்டியப் பாரு” என்றேன். நாலாவது தடவை மூன்று ஜோடியையும் தொடாமல் தாண்டினாள். வண்டியை நிறுத்திவிட்டு, “கம்பு இருந்ததே தெரியலப்பா” என்றாள்.

அடுத்த வாரம் முழு பிரேக். மண் கொஞ்சம் ஈரமாக இருந்தால் நல்லது. கம்புகளை டிக்கியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.